தேர்ச்சி பெறாத சாணம்

பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் அமைந்துள்ள வெள்ளேரித்தாங்கல் என்னும் எங்கள் ஊராட்சியில் மூவகை நிலங்கள் உள்ளன. அவை விற்கப்பட்ட மனைகள், விற்கப்படாத மனைகள், கிடங்குகள் என்பனவாம். விற்கப்படாத மனைகளில் புல் விளைகிறது. அப்புல்லை மாடுகள் மேய்கின்றன. மேய்ந்த மாடுகள் சாணமிடுகின்றன. எனவே, எங்கள் ஊரின் முதன்மையான விளைபொருள் யாது என எவரேனும் வினவினால், சாணம் என்றே விடை கூற வேண்டும்.

இவ்விளைபொருளைப் பயன்படுத்தும் நோக்குடன், நிலைத்த ஊரக வளர்ச்சித் திட்டம் ஒன்றின் கீழ், எங்கள் ஊரில் சாண எரிவாயுக் கலன் ஒன்று நிறுவப்பட்டது. தரைக்கு அடியில் காற்றுப் புகாத தொட்டி. அதன் ஒரு பக்கத்தில் சாணக் கரைசலை ஊற்றுவதற்கான வாய். மறுபக்கத்தில் சக்கை வெளியேறுவதற்கான வாய். மேலே வாயு செல்லும் குழாய். கரைசல் உள்ளே கிடந்து புளிக்கும். புளித்தால் வாயு பிறக்கும். அவ்வாயு குழாய் வழியே சென்று பக்கத்திலிருந்த பொதுச் சமையற்கூடத்தின் அடுப்பில் எரியும். கொள்கையளவில் இதில் குறை ஏதுமில்லை.

அச்சமையற்கூடத்தை நடத்தியவர் ஜரினா. கிடங்குகளில் வேலை செய்வோருக்கு மதிய உணவு சமைத்து, தம் கணவர் நஜீரின் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது அவருடைய தொழில். அவரிடம் தாயம்மாளும் நானும் மேலும் இரு பெண்களும் பணியாற்றினோம். நான் வெங்காயத்திற்குப் பொறுப்பு வகித்தேன். சமையற்கூடத்தின் கட்டடம் அத்திட்டத்தின் கீழ் கட்டப்பட்டதாகும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேலதிகாரி வந்து பார்வையிடும் நாளில் அடுப்பு சாண வாயுவில் எரிய வேண்டும். எரியவில்லையெனில் கட்டடம் வேறு பயனுக்கு ஒப்படைக்கப்படும். பக்கத்துக் கிடங்கின் உரிமையாளர் தம் வண்டிகளை நிறுத்துவதற்கு அவ்விடத்தைக் கேட்டு முன்னரே மனுக் கொடுத்திருந்தார். அதுவரை விறகு எரிக்கத் தடையில்லை. ஆகவே, ஐந்து பெண்களின் பிழைப்பு ஒரு நீலச் சுடரை நம்பியிருந்தது.

திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில், ‘கலனில் தரமான சாணமே இடப்படுதல் வேண்டும், தரத்தைத் தரக்குழுத் தலைவர் உறுதி செய்வார்’ என்றொரு விதி இருந்தது. தரமான சாணம் என்பது யாது என்று அதில் விளக்கப்படவில்லை. தலைவர் யார் என்பதில் மட்டும் எங்கள் ஊரில் எவருக்கும் ஐயம் எழவில்லை. திரு. கஜபதி ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டுகள் உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் இங்கு மனை வாங்கி வீடு கட்டியவர். தரம் என்னும் சொல்லைத் தினமும் உச்சரித்த மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவரே.

முதல் நாள், பால்காரர் சம்பத் கூடை நிறையச் சாணத்துடன் வந்தார். கஜபதி சலவை செய்த அரைக்கைச் சட்டை அணிந்து, கையில் இரண்டு இரும்பு வளையங்களுடன் நின்றிருந்தார்.

“இன்னா சார், வளையல் கடை போட்டுகினியா?” என்றார் சம்பத்.

“இது பெரிய வளையம். மேலேருந்து இறக்கினா சாணியைத் தொடாம தரையைத் தொடணும். இது சின்ன வளையம். இறக்கினா சாணி மேலேயே நின்னுடணும். ரெண்டும் சரியா வந்தா பாஸ். முதல்ல, கூடையில ஏன் கொண்டாந்தீங்க?”

“பின்ன, தாம்பாளத்துலயா கொண்டாருவாங்க?”

“கூடையில எந்தச் சாணி எந்த மாட்டோடதுன்னு எப்படித் தெரியும்? கலந்த சரக்கு. ரிஜெக்ட்.”

அவ்வாறு கூறிய கஜபதி, காவி கரைத்த நீரில் மட்டையைத் தோய்த்துக் கூடையிலிருந்த சாணத்தின் மீது சிவப்புக் கோடு ஒன்றை இழுத்தார். நிராகரிக்கப்பட்ட பொருள் மீண்டும் நுழையாமல் இருக்க அதன்மீது சிவப்பு அடையாளமிடுவது அவருடைய தொழில் மரபு.

மறுநாள் முதல் ஒவ்வொரு சாணமும், மாடு இட்டது இட்டபடியே, தகரத் தட்டில் ஏந்திக் கொண்டுவரப்பட்டது. சம்பத்தும் பிற பால்காரர்களும் வரிசையில் நின்றனர். கஜபதி வளையங்களை இறக்கினார். ஒன்று வழிந்தது. ஒன்று குவிந்தது. ஒன்று ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஒன்றில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அனைத்தும் சிவந்தன.

“அண்ணாத்தே, இது மாட்டுச் சாணி. பீரங்கில போட்ற குண்டு இல்ல” என்று சம்பத் நினைவூட்டினார்.

“எங்ககிட்ட வந்த சாமானும் ஆரம்பத்துல இப்படித்தான் கோணலும் மாணலுமா வந்துச்சு. சளைக்காம திருப்பி அனுப்பினோம். சரியாச்சு.”

“இத்த எங்க திருப்பி அனுப்புவே? மாட்டுக்குள்ளயா?”

சுற்றியிருந்தோர் நகைத்தனர். கஜபதி நகைக்கவில்லை. வினாவில் பொருள் இருப்பதாக அவர் கருதினார். ஒரு பொருளில் பிழை தோன்றுவதற்கு மூலப்பொருள், இயந்திரம், தொழிலாளி ஆகிய மூன்றே காரணமாக இருக்க முடியும் என்று அவர் எங்களுக்கு விளக்கினார். இங்கு மூலப்பொருள் புல், இயந்திரம் மாடு, தொழிலாளி சம்பத். அன்று பிற்பகலே அவர் சம்பத்தின் தொழுவத்திற்குச் சென்று, புல்லட் என்னும் பெயருடைய பசுவின் பின்புறத்தில் கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சி நெடுநேரம் ஆராய்ந்தார். புல்லட் வாலைச் சுழற்றி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

“மிஷின்ல அதிர்வு இருக்கு” என்றார் அவர்.

“வெளக்க அங்க அடிச்சா அதிராம இன்னா செய்யும்? உனுக்கு அடிச்சா நீ சும்மா கீவியா?” என்றார் சம்பத்.

ஆய்வின் முடிவில், பசும்புல்லைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுமாறும், மாட்டைப் பதற்றமின்றி வைத்திருக்குமாறும் அறிவுறுத்தப்பட்டது. சம்பத் இரண்டையும் செய்தார். மூன்றாவதாக, யாரும் அறிவுறுத்தாத ஒன்றையும் செய்தார். எங்கள் சமையற்கூடத்திலிருந்து ஒரு பிரியாணிக் கிண்ணத்தைக் கடன் வாங்கிச் சென்று, அதில் சாணத்தை அடைத்துக் கவிழ்த்து, அழகிய வடிவில் கொண்டுவந்தார். கஜபதி கண்ணாடியை உயர்த்தி அதனை உற்று நோக்கினார்.

“கையால திருத்தினது. இது ரிஜெக்ட் மட்டும் இல்ல சம்பத், இது மோசடி.”

கிண்ணத்தை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

நிராகரிக்கப்பட்ட சாணத்தைப் பால்காரர்கள் திரும்ப எடுத்துச் செல்லவும் அவர் இசையவில்லை. தரமற்ற பொருள் வெளியே சென்றால் வேறெங்கேனும் ஏதேனும் ஓர் இயந்திரத்தில் நுழைந்துவிடும் என்பது அவர் அச்சம். ஆதலால் அது கலனுக்குப் பக்கத்திலேயே குவிக்கப்பட்டது. நாளடைவில் அங்கே ஒரு செந்நிறக் குன்று எழுந்தது. கிடங்குகளுக்கு வரும் லாரி ஓட்டுநர்கள் தொலைபேசியில் வழி கேட்கும்போது, “செவப்பு மல வரும் பாரு, அங்க லெஃப்ட் எடு” என்று காவலர்கள் கூறலாயினர். குன்றுக்குப் பக்கத்தில், நிலத்தின் அடியில், கலனின் தொட்டி துடைத்து வைத்த பாத்திரம்போல் வெறுமையாக இருந்தது.

திட்டத்தின் கள அலுவலர் ரோஷினி இளம் பெண். சுற்றுச்சூழலைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவர். அவர் வந்து குன்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இவ்ளோ சாணி இருக்கே. ஏன் சார் உள்ள போடல?”

“தேறலையேம்மா.”

ரோஷினி மேலிடத்திற்கு எழுதினார். தரமான சாணம் என்பதற்கு விளக்கம் வேண்டினார். விளக்கத்தைத் தரக்குழுவே வகுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அதனைப் படித்த கஜபதி, தம் வளையங்களை எண்ணெய் இட்டுத் துடைத்து வைத்தார். அத்துடன் மேலதிகாரி வரும் நாளும் அறிவிக்கப்பட்டது.

“ஜரினா மேடம், தொட்டியை ரொப்பினப்புறம் கேஸ் வர்றதுக்கே பல வாரம் ஆகும். இந்த வாரத்துக்குள்ள உள்ள போவலன்னா அன்னிக்கி அடுப்பு எரியாது. கஜபதி சார் கையெழுத்து இல்லாம என்னால ஒரு கைப்பிடி கூட போட முடியாது. என் வேலையே போயிடும்” என்றார் ரோஷினி.

அன்று ஜரினா சோறு வடித்துக்கொண்டிருந்தார். தாயம்மாள் ஒரு யோசனை கூறினார். “ராத்திரியோட ராத்திரியா அள்ளி உள்ள கொட்டிட்டா இன்னா? காலைல வந்து கேட்டா, மாடு தின்ட்சின்னு சொல்லிக்கலாம்.”

“மலையே காணாம போனா கண்டுக்க மாட்டாரா? சும்மா இரு” என்றார் ஜரினா.

மறுநாள் நண்பகலில் கஜபதி வழக்கம்போல் எங்களிடம் உணவருந்த அமர்ந்தார். ஜரினா அவருக்குக் குஸ்காவும் கத்தரிக்காய்த் தொக்கும் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“சார், உங்க ஃபேக்டரில ரிஜெக்ட் ஆன சாமான என்ன செய்வீங்க?”

“அது ஸ்கிராப். அழிச்சிடணும். உடைச்சு, உருக்கி, பழைய உருவம் மறுபடி வராதபடி அழிக்கணும். ஆய்வாளர் முன்னாடியே அழிக்கணும். இல்லாட்டி எவனாவது சிவப்பைச் சுரண்டிட்டு மறுபடி உள்ள தள்ளிடுவான்.”

“அப்ப நம்மது மட்டும் ஏன் சார் வெட்டவெளில கெடக்குது? சிவப்பு மழைல கரைஞ்சிடாதா?”

கஜபதியின் கை இலைக்கும் வாய்க்கும் இடையில் நின்றது. அவர் எழுந்து வாயிலுக்குச் சென்று குன்றைப் பார்த்தார். பல்லாண்டுகள் ஒரு பிழையும் செய்யாத மனிதர், ஓய்வுக்குப் பிறகு ஒரு குன்றளவு பிழையைத் தம் கண்ணெதிரே வளரவிட்டிருந்தார்.

“உருக்கறதுக்கு உலை வேணுமே” என்றார் மெல்ல.

“சாணிக்கு உலை எதுக்கு சார்? தண்ணில கரைச்சா உருவம் போயிடும். காத்துகூட போவாத தொட்டில ஊத்தி மூடிட்டா எவன் கையும் படாது. அந்த மாதிரி தொட்டி ஒண்ணு நம்மகிட்ட சும்மாதானே கெடக்குது?”

“அது உற்பத்தித் தொட்டி. அதுல ஸ்கிராப் போடக் கூடாது.”

“உற்பத்திதான் இன்னும் ஆரம்பிக்கலையே சார்.”

அவர் நெடுநேரம் சிந்தித்தார். குஸ்கா ஆறியது. இறுதியில், தேர்ச்சி பெற்ற முதல் சாணம் கிடைத்து உற்பத்தி தொடங்கும் வரை, அத்தொட்டியைத் தற்காலிக அழிப்பிடமாகப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தார். தொட்டியின் மேல் ‘அழிப்பிடம்’ என்று தம் கையாலேயே எழுதினார். அழிப்பதற்கு எவர் கையெழுத்தும் தேவையென்று நெறிகளில் இல்லாமையால் ரோஷினியும் தடை கூறவில்லை.

மறுநாள் காலை குன்று கரைக்கப்படலாயிற்று. தாயம்மாள் முழங்கைவரை தோய்த்துக் கலக்கினார். “இன்னா குத்தம் செஞ்சியோ, இப்டி தண்ணில முக்கி கொல்றாங்க” என்று ஒவ்வொரு வாளியிடமும் இரங்கல் தெரிவித்தார். கஜபதி பக்கத்தில் விறைப்பாக நின்று, ஒவ்வொரு துளியும் உள்ளே சென்றதை உறுதி செய்தார். ஒரு துண்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, தாமே குனிந்து அதனைத் தள்ளிவிட்டார். உலகில் எந்தக் கலனுக்கும் இத்துணைக் கவனத்துடன் எவரும் சாணம் இட்டிருக்க மாட்டார்.

பல வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் குழாயில் மணம் வந்தது. கஜபதி முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

“ஸ்கிராப்லேருந்து வர்றதும் ஸ்கிராப்தான். இதை வெளிய விடக் கூடாது. இதையும் அழிக்கணும்.”

“எரிச்சிடலாம் சார்” என்றார் ஜரினா.

“மிச்சமில்லாம எரியணும். பக்கத்துல ஆள் நின்னு பாக்கணும்.”

“சோறு வேகற வரைக்கும் நாங்க அஞ்சு பேரும் பக்கத்துலதான் சார் நிக்கிறோம்.”

அவ்வாறே அடுப்பில் நீலச் சுடர் தோன்றியது. சுற்றுச்சூழலுக்குத் தீங்கான ஒன்றை நாள்தோறும் அழித்துவருவதாகக் கஜபதி மனநிறைவு கொண்டார். அதன்மேல் ஓர் அண்டா வைக்கப்பட்டிருப்பதை அவர் ஆட்சேபிக்கவில்லை. சம்பத்தும் மகிழ்ந்தார். காலைதோறும் தட்டுடன் வந்து, “ஃபெயில்தான அண்ணாத்தே?” என்பார். “ஃபெயில்” என்பார் கஜபதி. “ரொம்ப டேங்ஸு” என்று கூறிக் கரைக்கச் செல்வார்.

மேலதிகாரி வரவேண்டிய நாளும் வந்தது. நாங்கள் விடியலிலேயே வந்து அரிசி களைந்து, அண்டாவை ஏற்றியிருந்தோம். சோறு பாதி வெந்திருந்தது. வாகனம் நசரத்பேட்டையைக் கடந்துவிட்டதாக ரோஷினி தொலைபேசியில் தெரிவித்தார். அவ்வேளையில் சம்பத் ஒரு தட்டை ஏந்தி வந்து, வழக்கம்போல் அளவு மேடையில் வைத்தார். அது புல்லட் இட்டது.

கஜபதி பெரிய வளையத்தை இறக்கினார். அது எதையும் தொடாமல் தகரத்தைத் தொட்டது. சின்ன வளையத்தை இறக்கினார். அது சாணத்தின் மேல் கிரீடம்போல் நின்றது. அவர் வளையங்களை எடுத்துத் துடைத்து மீண்டும் இறக்கினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் ஈரமாயிருந்தன.

“பாஸ்” என்றார்.

சம்பத்தின் முகம் வெளிறியது. “அண்ணாத்தே, இன்னோர் தபா பாரு. நல்லா பாரு. எம்மாடு அவ்ளோ நல்ல மாடு இல்ல.”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன். சம்பத், உங்க மாடு பாஸ். உற்பத்தி ஆரம்பமாயிடுச்சு.” கஜபதி குழாய்த் திருகைத் தேடி நடந்தார். “இனிமே இது அழிப்பிடம் இல்ல. தொட்டியைத் திறந்து, உள்ள இருக்கற ஸ்கிராப் முழுசையும் இறைச்சு, கழுவிட்டுத்தான் இதை உள்ள விடணும். நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் கலக்கக் கூடாது. அடுப்பை அணைங்கம்மா.”

தொட்டியைத் திறந்தால் வாயு அனைத்தும் காற்றில் கலந்துவிடும். மீண்டும் வாயு சேரப் பல வாரங்கள் ஆகும். மேலதிகாரியோ சில நிமிடங்களில் வந்துவிடுவார். இம்மூன்று உண்மைகளையும் நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

“நாளைக்கி செய்யலாமே சார்” என்றார் ஜரினா.

“பாஸான சரக்கை ஒரு நாள் காக்க வெச்சா காஞ்சு போயிடும். காஞ்சா அளவு மாறிடும். அப்புறம் யார் பொறுப்பு?”

“ஒரு வறட்டியா தட்டி செவுத்துல வெச்சி மாலை போட்டுடலாம் சார், கவர்மெண்டு பாக்கட்டும்” என்று தாயம்மாள் கெஞ்சினார். கஜபதியோ வெயில் படாதிருக்கத் தம் குடையை விரித்துச் சாணத்தின் மேல் சாய்த்துவைத்துவிட்டு, திருகின் மீது கை வைத்தார்.

ஜரினா கரண்டியை என்னிடம் கொடுத்தார். அடுப்படியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடையை நோக்கி நேராக நடந்தார். குடையை எடுத்து மடக்கிச் சுவரில் சாய்த்தார். பின்பு தம் வலது காலை உயர்த்தி, அச்சாணத்தின் நடுவில் கணுக்கால் மறையும்வரை ஊன்றினார்.

அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“இப்ப அளந்து பாருங்க சார்” என்றார் ஜரினா, காலை எடுக்காமலே.

கஜபதி திருகை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஜரினா காலை எடுத்தபின், குனிந்து பெரிய வளையத்தை இறக்கினார். அது சாணத்தில் பதிந்தது. அவர் நிமிரவில்லை.

“வேணும்னே செஞ்சியாம்மா?”

“ஆமா சார். அஞ்சு வீட்டுச் சோறு சார்.”

அவர் எரியும் அடுப்பைப் பார்த்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். தாம் நாள்தோறும் உண்ணும் இடத்தில் அடுக்கப்பட்டிருந்த இலைகளையும் பார்த்தார். அந்நேரத்தில் அவர் மனத்தில் எவ்விதி எவ்விதியுடன் போரிட்டது என்பதை நான் அறியேன். இறுதியில் அவர் தொண்டையைச் செருமினார்.

“கையாளும்போது ஆன சேதம்னு ஒரு வகை உண்டு” என்றார். “சரக்கு நல்ல சரக்குதான். தயாரிப்புல குத்தமில்ல. கொண்டு வந்து வெச்சப்புறம் அடிபட்டுடுச்சு. அப்படிப்பட்டதும் ரிஜெக்ட்தான். ஆனா மிஷின் பேர்ல கறை கிடையாது. சம்பத், உங்க மாடு பாஸ். சாணிதான் ஃபெயில்.”

“மாடு பாஸா?” என்று சம்பத் உரக்கக் கேட்டார். “அத்த எழுதிக் குடுப்பியா அண்ணாத்தே? கொம்புல கட்டிவுட்றேன்.”

“தருவேன்” என்றார் கஜபதி. காவி மட்டையை எடுத்து, ஜரினாவின் பாதச்சுவட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவர் வாழ்நாளில் இழுத்த கோடுகளில் அதுவொன்றே சற்று வளைந்திருந்தது. தாயம்மாள் அச்சாணத்தை உடனே கரைத்து உள்ளே ஊற்றினார்.

மேலதிகாரி வந்தார். சுடரைக் குனிந்து பார்த்தார். நீல நிறம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு ரோஷினியிடம், “இதுவரைக்கும் எவ்வளவு சாணம் உள்ள போட்டிருக்கீங்க?” என்று வினவினார்.

“அப்ரூவ் ஆன சாணமா சார்? ஒண்ணுமே இல்ல.”

“அப்ப கேஸ் எப்படி வருது?”

ரோஷினி கஜபதியைப் பார்த்தார். கஜபதி விறைப்பாக நின்று, “இது உற்பத்தி இல்ல சார். அழிப்பு நடக்குது” என்றார்.

மேலதிகாரி அடுப்பின் மேலிருந்த அண்டாவைப் பார்த்தார். அவருக்குப் பசித்தது. மூலப்பொருளே இன்றி ஊரகத்தில் ஆற்றல் பெறும் இம்முறையைப் பிற ஊராட்சிகளும் பின்பற்றலாம் என்று அவர் ரோஷினியிடம் கூறிவிட்டு, கட்டடம் பெண்களிடமே இருக்கும் என்று அறிவித்து, கைகழுவ இடம் கேட்டார்.

குழாயடி ஒழியவில்லை. அங்கே ஜரினா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, வலது காலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாயிலில் நஜீரின் ஆட்டோ வந்து நின்று ஒலியெழுப்பியது.

“வந்துட்டாரு பாரு, என்னமோ இவரு ஆக்கி வெச்ச மாதிரி ஆரன் அடிக்கிறாரு” என்ற ஜரினா, தலையைத் திருப்பாமலே எங்களை நோக்கிக் குரல் கொடுத்தார். “தாயம்மா! அங்க என்ன வேடிக்கை? சோத்தக் கிண்டி வுடு, அடி புடிக்குது.”